எலிசூர் யார், செலூமியேல் யார்? இஸ்ரவேலின் அறியப்படாத கோத்திரப் பிரபுக்களைத் தேடிப் படிக்க ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் மாலை ஜெபத்தின்போது ஆளுக்கு நான்கு வசனமாக வேதாகமத்தைச் சுற்றில் வாசிப்போம். எண்ணாகமமும் முதலாம் நாளாகமமும் வரும் வாரங்களில் பிள்ளைகள் எல்லாரும் திணறிப்போவோம். சூரிஷதாய், அம்மினதாப், பெதாசூர் என்று நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அப்பா ஒரு பெயரையும் தாண்டவிடமாட்டார். "இவர்களும் ஒரு ஜனத்தை நடத்தினவர்கள்தான், பேரைச் சரியாகச் சொல்" என்பார். யார் இவர்கள் என்று திருப்பிக் கேட்டால் அவருக்கும் பதில் தெரியாது. அந்தக் கேள்வியோடுதான் பல ஆண்டுகள் கழித்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகு தெரிந்துகொண்டது இதுதான்: ஒரு பட்டியலைத் தனியாகப் படித்தால் அது வெறும் பெயர்க்குவியல். இரண்டு மூன்று பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெயர்கள் பேசத் தொடங்கிவிடும். எபிரெயு தெரிந்திருக்கத் தேவையில்லை. ஓரத்தில் ஒத்தவாக்கியங்கள் அச்சிட்ட ஒரு வேதாகமம், ஒரு கோடு போட்ட நோட்டு, பின்பக்கத்தில் இருக்கும் கோத்திர நிலப்படம், இவை போதும்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. தமிழ் மொழிபெயர்ப்புகளில் பெயர்களின் எழுத்து மாறும். நூல்களின் பெயர்களே மாறும்: சீர்திருத்தத் திருச்சபையினர் எண்ணாகமம், நாளாகமம் என்பதைக் கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு எண்ணிக்கை, குறிப்பேடு என்று அழைக்கும். ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொண்டு, அதன் எழுத்திலேயே கடைசிவரை எழுதுங்கள். நான் இங்கே பழைய மொழிபெயர்ப்பின் எழுத்தைப் பின்பற்றுகிறேன்.

முதல் படி: பன்னிரண்டு பெயர்களோடு தொடங்குங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் நேராக 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களுக்குள் குதிக்கிறார்கள். அது கரை தெரியாத வெள்ளம். அதைப் பிறகு பார்க்கலாம். எண்ணாகமம் 1:5 முதல் 15 வரை உள்ள பதினொரு வசனங்களைத் திறந்துகொள்ளுங்கள். சீனாய் வனாந்தரத்தில் மோசே ஜனத்தொகை எடுக்கும்போது கோத்திரத்துக்கு ஒருவராக அவனோடு நின்றவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. ரூபனுக்குச் சேதேயூரின் மகன் எலிசூர், சிமியோனுக்குச் சூரிஷதாயின் மகன் செலூமியேல், யூதாவுக்கு அம்மினதாபின் மகன் நகசோன், இப்படிப் போகிறது.

இவர்களை "அறியப்படாதவர்கள்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் எண்ணாகமத்தில் இந்தப் பன்னிரண்டு பேரில் ஒவ்வொருவரும் ஐந்து முறை பெயர் சொல்லப்படுகிறார்கள்: 1ஆம் அதிகாரத்தில் ஒருமுறை, 2ஆம் அதிகாரத்துப் பாளய ஒழுங்கில் ஒருமுறை, 7ஆம் அதிகாரத்துக் காணிக்கையில் இரண்டு முறை, 10ஆம் அதிகாரத்தில் பயணம் புறப்படும்போது ஒருமுறை. அந்த 7ஆம் அதிகாரம் 89 வசனங்கள் கொண்டது. நாளுக்கு ஒருவராகப் பன்னிரண்டு நாட்கள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். ஒவ்வொருவரும் 130 சேக்கல் வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி என்று அச்சு மாறாமல் ஒரே காணிக்கையைத்தான் தருகிறார்கள். சுருக்கமாக "மற்றவர்களும் அப்படியே கொடுத்தார்கள்" என்று எழுதியிருக்கலாம். எழுதியவர் அதைச் செய்யவில்லை. பன்னிரண்டு முறையும் முழுதாக எழுதி, கடைசியில் வெள்ளி 2,400 சேக்கல் என்று கூட்டுத்தொகையும் போட்டிருக்கிறார். சின்னக் கோத்திரத்தின் பிரபுவுக்கும் பெரிய கோத்திரத்தின் பிரபுவுக்கும் ஒரே அளவு இடம். எனக்கு மிகவும் பிடித்த அதிகாரங்களில் ஒன்று இது.

வரிசையையும் கவனியுங்கள். 1ஆம் அதிகாரத்தில் மூத்தமகன் ரூபனின் கோத்திரம் முதலில் வருகிறது. 2, 7, 10 ஆகிய அதிகாரங்களில் யூதாவின் நகசோன் முதலிடத்துக்கு வந்துவிடுகிறான். பிறப்பு வரிசை வேறு, பாளயத்தின் வரிசை வேறு. நோட்டில் எந்தப் பட்டியல் எந்த வரிசையில் இருக்கிறது என்று தலைப்பிலேயே குறித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பட்டங்களைப் புரிந்துகொள்ளுங்கள்

தமிழில் "பிரபு" என்று வரும் இடங்களில் எபிரெயத்தில் பெரும்பாலும் "நாசி" என்ற சொல் இருக்கிறது. உயர்த்தப்பட்டவன் என்பது அதன் வேர்ப்பொருள். "கோத்திரம்" என்பதற்கு எபிரெயத்தில் உள்ள இரண்டு சொற்களுக்குமே கோல் என்ற பொருளும் உண்டு. எண்ணாகமம் 17ஆம் அதிகாரத்தில் ஒவ்வொரு பிரபுவின் பெயரையும் அவனவன் கோலில் எழுதச் சொல்லும் காட்சி இதைத் தெரிந்துகொண்டு படித்தால் இன்னும் ஆழமாகும்.

கோத்திரத்துக்குக் கீழே வம்சம், அதற்குக் கீழே பிதாவின் வீடு, அதற்குள் தனி மனிதன். இந்த அடுக்கை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் யோசுவா 7:16 முதல் 18 வரை படியுங்கள். குற்றவாளியைத் தேடும்போது யூதா கோத்திரம், சேராவின் வம்சம், சப்தியின் வீடு, கடைசியில் ஆகான் என்று படிப்படியாக இறங்குகிறார்கள். நீங்கள் தேடும் தலைவன் இந்த அடுக்கில் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதுங்கள். கோத்திரம் முழுவதற்கும் தலைவனா, ஒரு வீட்டுக்கு மட்டும் தலைவனா என்பது பிறகு பெரிய வேறுபாடாக இருக்கும்.

மூன்றாம் படி: மூன்று பட்டியல்களை வரிசையில் வையுங்கள்

நோட்டைக் குறுக்காகத் திருப்பி, இடது ஓரத்தில் கோத்திரங்களை எழுதுங்கள். மேலே மூன்று தலைப்புகள்: எண்ணாகமம் 1 (கணக்கெடுப்பு), எண்ணாகமம் 13 (தேசத்தை வேவுபார்த்தவர்கள்), எண்ணாகமம் 34 (நிலத்தைப் பங்கிட்டவர்கள்). பெயர்களை நிரப்புங்கள். ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட வேண்டாம்.

நிரப்பியதும் தானாகவே கண்ணில் படும் சில விஷயங்கள் உண்டு. முதல் பட்டியலில் இருக்கும் ஒருவர்கூட மூன்றாம் பட்டியலில் இல்லை. இடையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் போய், ஒரு தலைமுறையே வனாந்தரத்தில் மடிந்துவிட்டது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தன் கோத்திரத்தின் பெயராக நிற்பவன் எப்புன்னேயின் மகன் காலேப் ஒருவனே. மூன்றாம் பட்டியலில் ரூபனுக்கும் காத்துக்கும் கட்டம் காலியாக இருக்கும். அவர்கள் யோர்தானுக்குக் கிழக்கே ஏற்கெனவே நிலம் பெற்றுவிட்டதால், மேற்கே பங்கிட அவர்களுக்குப் பிரபு தேவைப்படவில்லை. லேவி மூன்றிலும் கிடையாது. யோசேப்பு எப்பிராயீம், மனாசே என்று இரண்டாகப் பிரிந்து பன்னிரண்டை நிறைவாக்குகிறான்.

பெயர் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இது. அம்மியூத் என்ற பெயர் எப்பிராயீமின் எலிஷாமாவுக்குத் தகப்பனாகவும், சிமியோனின் சாமுவேலுக்குத் தகப்பனாகவும், நப்தலியின் பெதாகேலுக்குத் தகப்பனாகவும் வருகிறது. மூவரும் வேறுவேறு ஆட்கள். அந்தச் சாமுவேலும் நாம் அறிந்த தீர்க்கதரிசி அல்ல. மனாசேயின் பிரபு கமாலியேல், பவுலின் குருவாகிய கமாலியேலுக்கு நூற்றாண்டுகள் முந்தியவன். ஆகவே பெயரை எப்போதும் தகப்பன் பெயரோடும் கோத்திரத்தோடும் சேர்த்தே எழுதுங்கள்.

இதற்கு எதிரான சிக்கலும் உண்டு. ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக வரும். காத் கோத்திரத்து எலியாசாபின் தகப்பன் 1ஆம் அதிகாரத்தில் தேகுவேல். எபிரெய மூலத்தின் 2ஆம் அதிகாரத்தில் அவனே ரேகுவேல். எபிரெயத்தின் தாலேத் என்ற எழுத்தும் ரேஷ் என்ற எழுத்தும் ஒரு சிறு முனையளவில்தான் வேறுபடுகின்றன. கையால் படியெடுக்கும்போது ஒன்று மற்றொன்றாகிவிடும். "த" வர வேண்டிய இடத்தில் "ர" வந்தால் முதலில் இந்த எழுத்துகளைச் சந்தேகியுங்கள்.

நான்காம் படி: பெயருக்குள்ளே பாருங்கள்

இதைத் தமிழ் எழுத்தில் வைத்தே செய்யலாம் என்பதுதான் மகிழ்ச்சி. முதல் பட்டியலில் பன்னிரண்டு பிரபுக்கள், பன்னிரண்டு தகப்பன்மார், ஆக 24 பெயர்கள். அவற்றில் "எல்" அல்லது "ஏல்" வரும் பெயர்களின் கீழே கோடிடுங்கள்: எலிசூர், செலூமியேல், நெதனெயேல், எலியாப், எலிஷாமா, கமாலியேல், பாகியேல்... அது தேவனைக் குறிக்கும் சொல். "சூர்" என்றால் கற்பாறை: எலிசூர், சூரிஷதாய், பெதாசூர். "ஷதாய்" என்பது சர்வவல்லவர்: சூரிஷதாய், அம்மிஷதாய்.

இப்போது "யா" என்று முடியும் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றுகூட இல்லை. யேகோவா என்ற நாமத்தின் சுருக்கம் அந்த "யா". பிற்காலத்தில், ராஜாக்களின் நாட்களில், எசேக்கியா, அமத்சியா, பெனாயா என்று அது எங்கும் நிறைந்திருக்கும். யாத்திராகமம் 6:3, முற்பிதாக்களுக்குத் தேவன் சர்வவல்லமையுள்ளவராகத் தரிசனமானார் என்றும் யேகோவா என்ற நாமத்தால் அறியப்படவில்லை என்றும் சொல்கிறது. பிரபுக்களின் பெயர்கள் அந்த வசனத்தோடு ஒத்துப்போகின்றன. எண்ணாகமம் 13:16இல் மோசே, நூனின் மகன் ஓசேயாவுக்கு யோசுவா என்று பெயரிடுகிறானே, அங்கே கூடுதலாகச் சேர்ந்ததும் அதே நாமத்தின் எழுத்துதான். பெயரின் பொருளை வைத்து ஓர் ஆளின் குணத்தை ஊகிக்க வேண்டாம். அது தவறான வழி. பெயர் எந்தக் காலத்து வழக்கம் என்பதை மட்டும் பாருங்கள்.

ஐந்தாம் படி: உறவுக்காரர்களைத் தேடுங்கள்

ஓரத்தில் உள்ள ஒத்தவாக்கியங்களைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் போங்கள். பலருக்கு ஒன்றும் கிடைக்காது. இருவருக்கு நிறையக் கிடைக்கும்.

நகசோனின் சகோதரியைத்தான் ஆரோன் மணந்தான் என்று யாத்திராகமம் 6:23 சொல்கிறது. ரூத் 4ஆம் அதிகாரத்தின் முடிவில் நகசோனின் மகன் சல்மோன், அவன் மகன் போவாஸ், அந்த வழியில் தாவீது. ஆசாரிய வம்சத்துக்கும் ராஜ வம்சத்துக்கும் இடையிலான பழைய சம்பந்தம் இந்த மனிதனின் வீட்டில்தான் நடந்திருக்கிறது. யூத மரபில் செங்கடல் பிளக்கும் முன்பே தண்ணீருக்குள் முதலில் காலெடுத்து வைத்தவன் இவன்தான் என்று தல்மூத் சொல்கிறது. 1948 ஏப்ரலில் எருசலேமுக்குச் செல்லும் சாலையைத் திறக்க நடந்த ராணுவ நடவடிக்கைக்கு நகசோனின் பெயரையே வைத்தார்கள்.

எலிஷாமாவைத் தேடியபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். 1 நாளாகமம் 7:26, 27: அம்மியூத், அவன் மகன் எலிஷாமா, அவன் மகன் நூன், அவன் மகன் யோசுவா. அதாவது கணக்கெடுப்பில் எப்பிராயீமுக்காக நின்றவன் யோசுவாவின் தாத்தா. யோசுவா திடீரென்று எங்கிருந்தோ வந்த வாலிபன் அல்ல, பிரபுவின் வீட்டுப் பேரன். எண்ணாகமத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இரண்டு புத்தகங்களைச் சேர்த்தால்தான் தெரியும்.

அதே பட்டியலில் ஒரு புதிரும் இருக்கிறது. எப்பிராயீமிலிருந்து யோசுவாவரை ஒன்பது பத்துத் தலைமுறைகள் ஓடுகின்றன. யாத்திராகமம் 6ஆம் அதிகாரத்தில் லேவி, கோகாத், அம்ராம், மோசே என்று நான்கே பேர். எப்பிராயீம் லேவியின் தம்பி மகன். மோசேயும் யோசுவாவும் சமகாலத்தவர்கள். கணக்கு உதைக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பழங்கால வம்சவரிசைகளில் நடுப்பெயர்களை விட்டுவிடுவது வழக்கம். மத்தேயு 1:8இல் யோராமுக்கு அடுத்து உசியா வருகிறான். நடுவில் இருந்த அகசியா, யோவாஸ், அமத்சியா ஆகிய மூன்று ராஜாக்களை அங்கே காண முடியாது. "பெற்றான்" என்பதைச் சில இடங்களில் "அவன் வழியில் வந்தவன்" என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தலைமுறைகளைக் கூட்டி ஆண்டுக்கணக்குப் போடும் வேலையில் மட்டும் இறங்காதீர்கள்.

ஆறாம் படி: ஊர்களை அடையாளம் காணுங்கள்

இப்போது 1 நாளாகமத்துக்குள் போகலாம். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக எழுதப்பட்ட நூல் இது. வம்ச அட்டவணை அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை எஸ்றா 2ஆம் அதிகாரம் காட்டுகிறது: தங்கள் பிதாக்களின் வீட்டை நிரூபிக்க முடியாமல் 652 பேர் நின்றார்கள், அட்டவணையில் பெயர் அகப்படாத ஆசாரியர்கள் ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள்.

2, 4ஆம் அதிகாரங்களில் "பெத்லெகேமின் தகப்பன்", "தெக்கோவாவின் தகப்பன்" என்ற அமைப்பு மூலத்தில் வருகிறது. பெத்லெகேம் ஓர் ஊர். ஊருக்குத் தகப்பன் என்றால் அதை நிறுவியவன் அல்லது அங்கே தலைவனாக இருந்தவன். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பல இடங்களில் இதை "மூப்பன்" என்றே எழுதியிருக்கிறது. அருமையான தேர்வு அது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் நிலப்படத்தைத் திறந்து ஊரைத் தேடுங்கள்.

வம்சப் பெயர்களே நிலப்பகுதியின் பெயர்களாக இருந்தன என்பதற்கு மண்ணிலிருந்தே சாட்சி கிடைத்திருக்கிறது. யோசுவா 17:2, 3இல் மனாசேயின் வம்சங்கள் சொல்லப்படுகின்றன: அபியேசேர், ஏலேக், அஸ்ரியேல், செகேம், எப்பேர், செமீதா. எப்பேரின் மகன் செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐந்து மகள்கள். மோசேக்கு முன்னால் வந்து நின்று தகப்பனின் நிலத்தைக் கேட்டு வாங்கியவர்கள் இவர்கள். 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் சமாரியாவைத் தோண்டியபோது மையால் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தலைநகருக்கு வந்த திராட்சரசத்துக்கும் எண்ணெய்க்கும் எழுதிய ரசீதுகள் போன்றவை. எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று அவற்றில் எழுதியிருக்கும் பெயர்கள்: அபியேசேர், ஏலேக், அஸ்ரியேல், செகேம், செமீதா, அவற்றோடு நோவாள், ஒக்லாள். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த இரண்டு பெண்களின் பெயரில் நிலம் அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

எப்பிராயீம் வரிசையிலும் ஒரு பெண் நிற்கிறாள். 1 நாளாகமம் 7:24இல் சேராள், கீழ்ப் பெத்தொரோனையும் மேல் பெத்தொரோனையும் ஊசேன்சேராவையும் கட்டினாள் என்று ஒரே வரி. வேதாகமத்தில் பட்டணம் கட்டியதாகச் சொல்லப்படும் பெண் இவள் ஒருத்தியே. இரண்டு பெத்தொரோன்களும் ரமல்லாவுக்கு மேற்கே, பெயித் ஊர் என்ற பெயரோடு இன்றும் மேலூரும் கீழூருமாக இருக்கின்றன.

ஏழாம் படி: ஒரு கோத்திரத்தைக் கடைசிவரை பின்தொடருங்கள்

நான் சிமியோனை எடுத்தேன். உங்கள் வரிசையில் செலூமியேல் (கணக்கெடுப்பு), ஓரியின் மகன் சாப்பாத் (வேவு), அம்மியூதின் மகன் சாமுவேல் (பங்கீடு) ஏற்கெனவே இருப்பார்கள். செலூமியேலுக்குக் கீழே 59,300 பேர் என்று எழுதுங்கள். பிறகு எண்ணாகமம் 25:14: சாலூவின் மகன் சிம்ரி, சிமியோனில் ஒரு பிதாவின் வீட்டுக்குப் பிரபு. மீதியான் பெண்ணைப் பாளயத்துக்குள் அழைத்துவந்து கொல்லப்பட்டவன். அடுத்த அதிகாரத்துக் கணக்கில் சிமியோன் 22,200. இந்தச் சரிவுக்கு அவன்தான் காரணம் என்று வசனம் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. தேசத்தில் அவர்களுக்குத் தனி எல்லை கிடைக்கவில்லை, யூதாவின் பங்குக்குள்ளேயே ஊர்கள் கிடைத்தன. உபாகமம் 33இல் மோசே கோத்திரங்களை ஆசீர்வதிக்கும்போது சிமியோனின் பெயரே வரவில்லை.

இதோடு கோத்திரம் கரைந்துவிட்டது என்று நினைத்தால், 1 நாளாகமம் 4:34 முதல் வசனங்கள் அதை மறுக்கின்றன. மெசோபாப், யம்லேக் என்று தொடங்கிச் சீசா வரை பதின்மூன்று பிரபுக்கள். சீசாவுக்கு மட்டும் ஐந்து தலைமுறை முன்னோர் எழுதப்பட்டிருக்கிறது. அமத்சியா, பெனாயா, செமாயா என்று "யா" பெயர்கள் வந்துவிட்டதைக் கவனியுங்கள். ராஜாவாகிய எசேக்கியாவின் நாட்களில், கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இவர்கள் மந்தைகளுக்கு மேய்ச்சல் தேடிக் கேதோர் பள்ளத்தாக்குக்குப் போய்க் குடியேறினார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடம் கேரார். அதே தாலேத்தும் ரேஷும்தான். இன்னும் 500 பேர், இஷியின் மகன்கள் பெலத்தியா, நெயாரியா, ரெப்பாயா, ஊசியேல் ஆகியோரின் தலைமையில் சேயீர் மலைக்குப் போனார்கள். நிலமில்லாத கோத்திரம் தனக்கு நிலம் தேடிக்கொண்ட கதை, பத்து வசனங்களில்.

பயிற்சிக்கு: நப்தலி

அடுத்து நீங்களாகவே நப்தலியை எடுத்துப் பாருங்கள். ஏனானின் மகன் அகீரா, ஒப்பேசியின் மகன் நாகபி, அம்மியூதின் மகன் பெதாகேல் ஆகியோர் உங்கள் நோட்டில் இருப்பார்கள். தாவீதின் காலத்துக் கோத்திரத் தலைவர்களின் பட்டியல் 1 நாளாகமம் 27:16 முதல் 22 வரை இருக்கிறது. அதை நான்காவது தலைப்பாகச் சேருங்கள். அங்கே நப்தலிக்கு எரிமோத் நிற்கிறான். காத்தும் ஆசேரும் இல்லாததையும் அப்போது பார்ப்பீர்கள்.

பிறகு 1 நாளாகமம் 7:13க்குப் போங்கள். யூதாவுக்கு நூறு வசனங்கள் கொடுத்த நூல் நப்தலிக்கு ஒரே ஒரு வசனம் தருகிறது. அதில் உள்ள நான்கு மகன்களும் ஆதியாகமம் 46:24இல் உள்ளவர்களே. கலிலேயாவையும் நப்தலி தேசம் முழுவதையும் அசீரியா ராஜா திகிலாத்பிலேசர் பிடித்து, குடிகளைக் கொண்டுபோய்விட்டான், கி.மு. 733, 732 வாக்கில் நடந்தது. அதே ராஜா கொண்டுபோன ரூபனின் பிரபு பேராவுக்கு 1 நாளாகமம் 5:6இல் பெயராவது மிஞ்சியிருக்கிறது. நப்தலியை அந்த நாளில் நடத்தியவன் யார் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. என் நோட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு, ஓரத்தில் 2 இராஜாக்கள் 15:29 என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.